போலிச் சான்றிதழும் பணிநீக்கமும்: சட்டம் எங்கே கறாராக நிற்கிறது, எங்கே நிதானம் கேட்கிறது

போலிச் சான்றிதழ் கொடுத்து வேலையில் சேர்ந்த ஒருவர் பல ஆண்டுகள் கழித்துப் பிடிபடும்போது, அலுவலகத்துக்குள் உடனே இரண்டு கட்சிகள் உருவாகிவிடுகின்றன. ஏமாற்றியவரை இன்றே வெளியே அனுப்ப வேண்டும் என்கிறது ஒரு கட்சி. இத்தனை வருடம் குறையில்லாமல் வேலை பார்த்த குடும்பஸ்தரை இப்போது நடுத்தெருவில் நிறுத்துவதா என்கிறது மற்றது. இந்திய உச்ச நீதிமன்றம் கடந்த சில பத்தாண்டுகளில் இத்தகைய வழக்குகள் பலவற்றை விசாரித்திருக்கிறது. அந்தத் தீர்ப்புகளைச் சேர்த்துப் படித்தால் இரண்டு கட்சிகளுக்கும் பதில் கிடைக்கிறது. பொய் நிரூபணமான பிறகு எடுக்கும் முடிவில் இரக்கத்துக்கு மிகக் குறைந்த இடமே உண்டு. ஆனால் அந்த நிரூபணத்தை எட்டும் வழியில் அவசரத்துக்கு இடமே இல்லை. நம் நிறுவனங்களில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது. சந்தேகம் எழுந்த அன்றே அடையாள அட்டையைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். பிறகு எழுத்தில் முடிவெடுக்க வேண்டிய நேரம் வரும்போது, ‘ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்’ என்று சமரசம் செய்துகொள்கிறார்கள். அந்தத் தலைகீழ் நடைமுறை பணியாளருக்கும் நிறுவனத்துக்கும், அந்த வேலை கிடைக்காமல் போன மூன்றாவது மனிதருக்கும் எப்படி அநியாயமாக முடிகிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எது பொய், எவ்வளவு பொய்

தகுதியைப் பற்றிய பொய் என்று ஒரே சொல்லில் அடக்கினாலும் அதற்குள் வெவ்வேறு காரியங்கள் இருக்கின்றன. இரண்டு தாள்களில் அரியர் வைத்திருக்கும் ஒரு பொறியியல் மாணவரை எடுத்துக்கொள்வோம். ஆஃபர் லெட்டர் கொடுத்த நிறுவனம் புரொவிஷனல் சான்றிதழைக் கேட்கும்போது, ‘யூனிவர்சிட்டியிலிருந்து இன்னும் வரவில்லை சார்’ என்று சொல்லி ஆறு மாதம் தள்ளுகிறார். அடுத்த தேர்வில் தேறிவிட்டால் யாருக்கும் தெரியாது என்பது அவர் கணக்கு. தேறவில்லை. மனிதவளத் துறையிலிருந்து மூன்றாவது நினைவூட்டல் வருகிறது. மதிப்பெண் பட்டியலில் ‘ஆர்.ஏ.’ (மறுபடி எழுத வேண்டும்) என்று அச்சாகியிருந்த இடத்தில், தெரிந்த ஒருவரின் கணினியில் வைத்து ஒரு கிரேடு எழுத்தை ஒட்டி, அதை பி.டி.எஃப். ஆக்கி அனுப்புகிறார். ஆறு மாதம் அவர் செய்தது உண்மையை மறைத்தல். அந்த ஒரு மாலையில் செய்தது ஆவண மோசடி. முதல் கட்டத்திலேயே நிறுவனம் ஒரு காலக்கெடு வைத்து, சான்றிதழ் வராவிட்டால் ஆஃபர் ரத்தாகும் என்று எழுத்தில் சொல்லியிருந்தால், இரண்டாவது கட்டம் நடந்தேயிருக்காது என்று நான் நம்புகிறேன்.

அனுபவச் சான்றிதழ் மோசடி வேறு ரகம். இதில் பெரும்பாலும் ஒரு வியாபாரி இருக்கிறார். பணம் வாங்கிக்கொண்டு மூன்று வருட அனுபவம், பேஸ்லிப், ரிலீவிங் லெட்டர் எல்லாவற்றையும் தயார் செய்து கொடுக்கும் கன்சல்டன்சிகள் எல்லாப் பெருநகரங்களிலும் இயங்குகின்றன. கடிதத் தலைப்பில் இருக்கும் நிறுவனம் காகிதத்தில் மட்டும் இருக்கும். அதிலுள்ள எண்ணுக்கு அழைத்தால் கன்சல்டன்சியில் உட்கார்ந்திருப்பவரே எச்.ஆர். ஆகப் பேசுவார். 2022இல் அக்சென்ச்சர் நிறுவனம் இந்தியாவில் இப்படிப் போலி நிறுவனங்களின் அனுபவக் கடிதங்களைக் கொடுத்துச் சேர்ந்தவர்களைக் கண்டறிந்து வெளியேற்றியதாக வெளிப்படையாக அறிவித்தது. இந்த வகைப் பொய்யை உடைப்பதற்கு வருங்கால வைப்பு நிதிக் கணக்கு நல்ல சாட்சி. 2014இல் யு.ஏ.என். என்னும் ஒற்றைக் கணக்கு எண் வந்த பிறகு, எந்த மாதம் எந்த நிறுவனம் பணம் கட்டியது என்பது பாஸ்புக்கில் வரிசையாக நிற்கிறது. ஆனாலும் எச்சரிக்கை தேவை. இருபது பேருக்குக் குறைவாக வேலை பார்க்கும் நிறுவனங்களுக்கு வருங்கால வைப்பு நிதிச் சட்டம் பொதுவாகக் கட்டாயமில்லை. ஆகவே பி.எஃப். பதிவு இல்லை என்பதை மட்டும் வைத்து, கோயம்புத்தூரில் எட்டுப் பேர் வேலை பார்க்கும் பட்டறையில் உண்மையாகவே நான்கு வருடம் உழைத்தவரைப் பொய்யர் என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

தகுதியைக் கூட்டிச் சொல்வதுபோலவே குறைத்துச் சொல்வதும் பொய்தான் என்பதற்கு ஒரு தீர்ப்பு இருக்கிறது. பஞ்சாப் நேஷனல் வங்கி பியூன் பணிக்கு விளம்பரம் செய்தபோது பன்னிரண்டாம் வகுப்புத் தேறியவர்கள் விண்ணப்பிக்கலாம், பட்டதாரிகள் விண்ணப்பிக்கக் கூடாது என்று நிபந்தனை வைத்தது. 2014லேயே பட்டம் பெற்றிருந்த ஒருவர் அதை மறைத்து விண்ணப்பித்துத் தேர்வானார். வங்கி அவரை நீக்கியது. ஒடிசா உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் 2020 நவம்பரில் அதை மாற்றி, வங்கி செய்தது சரி என்றது. கூடுதலாகப் படித்திருப்பது குற்றமா என்று முதலில் மனம் வருந்தத்தான் செய்கிறது. ஆனால் கல்லூரி வாசலை மிதிக்க முடியாதவர்களுக்கென்று ஒதுக்கி வைத்த ஓர் இடத்தில் பட்டதாரி உட்கார்ந்தால், இழப்பு அந்தப் பன்னிரண்டாம் வகுப்புக்காரருக்குத்தான்.

பொய் சொல்லாமலே சிக்கிக்கொள்பவர்கள்

இன்னொரு கூட்டத்தைத் தனியாகப் பிரித்து வைத்தாக வேண்டும். இவர்கள் ஏமாற்றியவர்கள் அல்லர், ஏமாந்தவர்கள். 1956ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம் 22ஆம் பிரிவின்படி, சட்டத்தால் அமைக்கப்பட்ட பல்கலைக்கழகங்களும் அதற்கென அதிகாரம் பெற்ற நிறுவனங்களும் மட்டுமே பட்டம் வழங்க முடியும். அதை மீறிப் பட்டம் கொடுப்பவருக்கு அதே சட்டத்தின் 24ஆம் பிரிவு விதிக்கும் தண்டனை ஆயிரம் ரூபாய் வரையிலான அபராதம். ஓர் இளைஞரின் மூன்று வருடத்தையும் அவருடைய பெற்றோரின் சேமிப்பையும் விழுங்குகிற குற்றத்துக்கு இந்தத் தொகை எந்த வகையில் பொருந்தும் என்று எனக்குப் புரியவில்லை. மானியக் குழு போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை அவ்வப்போது வெளியிடுகிறது. ஆனால் சேரும் மாணவர் அந்தப் பட்டியலைப் பார்த்திருப்பார் என்று சொல்ல முடியாது.

சட்டப்படி இயங்குவதாக எல்லோரும் நம்பிய நிறுவனங்களிலும் இது நடந்திருக்கிறது. 2005இல் பேராசிரியர் யஷ்பால் தொடுத்த வழக்கில், சத்தீஸ்கரில் மாநிலச் சட்டம் ஒன்றின் கீழ் காளான்போல முளைத்திருந்த தனியார் பல்கலைக்கழகங்களை உச்ச நீதிமன்றம் செல்லாதவை என்று அறிவித்தது. ஆனால் அவற்றில் படித்துக்கொண்டிருந்த மாணவர்களைக் காப்பாற்ற வழிசெய்யவும் தவறவில்லை. 2017 நவம்பரில், சேலத்தைச் சேர்ந்த ஒன்று உட்பட நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் முறையான ஒப்புதலின்றித் தொலைநிலைக் கல்வியில் நடத்திய பொறியியல் படிப்புகளைப் பற்றி வந்த தீர்ப்பு பணியிடங்களை நேரடியாகப் பாதித்தது. 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்களுக்குத் தனித் தேர்வு எழுதிப் பட்டத்தைக் காப்பாற்றிக்கொள்ள வாய்ப்புத் தரப்பட்டது. அதற்குப் பிறகு சேர்ந்தவர்களின் பட்டங்கள் பறிபோயின. பகலில் வேலை பார்த்து, இரவில் படித்து, அந்தப் பட்டத்தை வைத்து உதவிப் பொறியாளராகப் பதவி உயர்வு பெற்றவர்கள் திடீரென்று தகுதியற்றவர்கள் ஆனார்கள். பதவி உயர்வு போகலாம். அது பட்டத்தோடு கட்டப்பட்ட சலுகை. அவர்களை மோசடிக்காரர்களின் வரிசையில் நிறுத்தி நடத்தை விதிகளின் கீழ்க் குற்றம் சாட்டுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

வருடங்கள் பொய்யைக் கழுவுமா

இருபது வருடம் வேலை பார்த்துவிட்டேன், இனி என்னை நீக்குவது அநியாயம் என்ற வாதத்தை நீதிமன்றம் பலமுறை கேட்டிருக்கிறது. முன்பு வேலை பார்த்ததாகச் சொல்லும் போலி சர்வீஸ் கார்டுகளைக் காட்டி ரயில்வேயில் வேலை பெற்ற தற்காலிகத் தொழிலாளர்களின் வழக்கில், 1995இல் உச்ச நீதிமன்றம் காலம் கடந்ததால் மட்டும் ஒரு மோசடி புனிதமாகிவிடாது என்று சொன்னது. 2004இல் வந்த ஆர். விசுவநாத பிள்ளை வழக்கு இன்னும் கடுமையானது. கேரளக் காவல்துறையில் பட்டியல் சாதியினருக்கான இடத்தில் பொய்யான சாதிச் சான்றிதழ் கொடுத்துச் சேர்ந்த அந்த அதிகாரி 27 ஆண்டுகள் பணியாற்றியிருந்தார். நீக்கத்தை ஓய்வாகவாவது மாற்றி ஓய்வூதியம் தர வேண்டும் என்பது அவருடைய கோரிக்கை. மோசடியால் பெற்ற நியமனம் சட்டத்தின் கண்ணில் நியமனமே இல்லை. ஆகவே அரசு ஊழியருக்கு அரசமைப்புச் சட்டத்தின் 311ஆம் பிரிவு தரும் பாதுகாப்பும் அவருக்கு இல்லை, ஓய்வூதியமும் இல்லை என்று நீதிமன்றம் கூறிவிட்டது. அவருடைய சாதிச் சான்றிதழை ஆய்வுக் குழு ஒன்று முன்பே அவரையும் விசாரித்து முடிவு செய்திருந்தது என்பதையும் சேர்த்தே இந்தத் தீர்ப்பைப் படிக்க வேண்டும்.

இதற்குப் பின்னும் சில வழக்குகளில் இரக்கம் காட்டி வேலையைக் காப்பாற்றிக் கொடுக்கும் வழக்கம் தொடர்ந்தது. அதற்கு 2017 ஜூலையில் இந்திய உணவுக் கழகத்தின் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு முற்றுப்புள்ளி வைத்தது. பொய்யான சாதிச் சான்றிதழால் பெற்ற வேலையும் கல்வி இடமும் திரும்பப் பெறப்பட வேண்டும், நீண்ட கால சேவை என்ற காரணத்தால் அதைக் காப்பாற்றிக் கொடுப்பது சட்டத்துக்கு முரண் என்று அந்தத் தீர்ப்பு கூறியது. அது ஒரு நுட்பமான வேறுபாட்டையும் செய்தது. வேலையைத் திரும்பப் பெறுவதற்கு, ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று நிரூபிக்க வேண்டியதில்லை. உரிமையில்லாதது கையில் இருந்தாலே போதும். சிறைத் தண்டனை தரும் குற்ற வழக்கில்தான் கெட்ட எண்ணத்தை நிரூபித்தாக வேண்டும். நிர்வாகங்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, குற்ற வழக்கு முடியட்டும் என்று பத்து வருடம் காத்திருப்பதை அடிக்கடி பார்க்கிறோம். காத்திருக்கத் தேவையில்லை.

நீதிமன்றம் இவ்வளவு கறாராக நிற்பதற்குக் காரணம், வழக்கில் கட்சிக்காரராக இல்லாத ஒருவரை அது கண்ணில் வைத்திருப்பதுதான். தரவரிசைப் பட்டியலில் அடுத்த இடத்தில் நின்றவர் அவர். அவர் யாரென்று யாருக்கும் தெரியாது, வழக்குரைஞர் வைக்கவில்லை, தன் இடத்தை வேறொருவர் பொய் சொல்லி எடுத்துக்கொண்டார் என்பது அவருக்கே தெரியாமல் போயிருக்கலாம். வயது வரம்பு தாண்டி, கிடைத்த வேலையில் காலத்தைக் கழித்திருப்பார். குடும்பஸ்தரை நடுத்தெருவில் நிறுத்தலாமா என்று கேட்கும் கட்சி, அந்த இன்னொரு குடும்பத்தையும் ஒரு முறை நினைத்துப் பார்க்க வேண்டும். 1990இல் ஆந்திரப் பிரதேசத்தின் உறைவிடப் பள்ளி ஆசிரியர் நியமனம் ஒன்றைப் பற்றிய தீர்ப்பிலும் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது: விளம்பரத்தில் கேட்ட தகுதி இல்லாதவரை நியமிப்பது, அந்தத் தகுதி இல்லை என்று நினைத்து விண்ணப்பிக்காமலே இருந்த அத்தனை பேருக்கும் எதிரான மோசடி.

நிரூபிக்கும் வழியில் ஏன் நிதானம் வேண்டும்

முடிவு இவ்வளவு கடுமையாக இருப்பதால்தான் அதற்கு முந்தைய விசாரணை சுத்தமாக இருக்க வேண்டும். 2016இல் அவதார் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு வகுத்த நெறிகள் இதற்கு அடிப்படை. அந்த வழக்கு, குற்ற வழக்குகள் இருப்பதைச் சரிபார்ப்புப் படிவத்தில் மறைத்ததைப் பற்றியது என்றாலும் அதன் தர்க்கம் கல்வித் தகுதிக்கும் பொருந்தும். படிவத்தில் கேள்வி தெளிவாகவும் குறிப்பாகவும் கேட்கப்பட்டிருக்க வேண்டும். கேட்காத ஒன்றைச் சொல்லவில்லை என்று ஒருவரைத் தண்டிக்க முடியாது. பதவி உயர உயர அளவுகோலும் கடுமையாக வேண்டும். பணி நிரந்தரமானவராக இருந்தால் துறை விசாரணை நடத்தாமல் நீக்கக் கூடாது. தகுதிகாண் பருவத்தில் இருப்பவருக்கும்கூட, ‘போலிச் சான்றிதழ் கொடுத்ததால் நீக்கப்படுகிறார்’ என்று களங்கம் சுமத்தும் ஆணை பிறப்பிப்பதானால் அவருடைய விளக்கத்தைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். தமிழ்நாட்டில் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத முன்னறிவிப்பும் இல்லாமல் நீக்கத் தடை விதிக்கிறது. முன்னறிவிப்பு இல்லாமல் நீக்க வேண்டுமானால் முறைகேட்டை விசாரணையில் பதிவான சாட்சியத்தால் காட்ட வேண்டும். ஐ.டி. நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல.

நடைமுறையில் விசாரணையின் முதுகெலும்பு ஒரு கடிதம். பல்கலைக்கழகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடமிருந்தோ, பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழானால் அரசுத் தேர்வுகள் இயக்ககத்திடமிருந்தோ வரும் அந்தக் கடிதத்தை அலுவலகங்களில் ‘உண்மைத்தன்மை’ என்றே சுருக்கமாகச் சொல்வார்கள். ‘உண்மைத்தன்மை வந்துவிட்டதா’ என்பது பள்ளிக் கல்வித் துறையில் தகுதிகாண் பருவக் கோப்பு ஒவ்வொன்றிலும் எழும் கேள்வி. ‘மேற்படி பதிவெண்ணில் இப்பெயர் கொண்ட தேர்வர் எவரும் இல்லை’ என்ற ஒரு வரி வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைப்பது பெரும் பிழை. அந்த வரிக்கு வேறு காரணங்களும் இருக்கலாம்.

முதல் காரணம், நம் பெயர்கள். சான்றிதழில் தந்தையின் இனிஷியலோடு இருக்கும் பெண், திருமணத்துக்குப் பிறகு கணவரின் இனிஷியலில் ஆதார் எடுத்திருப்பார். பள்ளியில் ‘எஸ். சரவணன்’ ஆக இருந்தவர், பாஸ்போர்ட்டில் தந்தையின் முழுப் பெயரைக் கடைசிப் பெயராகச் சேர்க்க வேண்டி வந்ததால் ‘சரவணன் சுப்பையா’ ஆகியிருப்பார். பெங்களூரிலோ குருகிராமிலோ உட்கார்ந்து நூறு கோப்புகளைப் பார்க்கும் சரிபார்ப்பு ஏஜென்சி ஊழியருக்கு இந்த இரண்டும் இரண்டு மனிதர்கள். அடுத்தது, பல்கலைக்கழகங்களின் பிரிவும் இணைப்பும். அண்ணா பல்கலைக்கழகம் 2007ஐ ஒட்டிப் பிராந்தியப் பல்கலைக்கழகங்களாகப் பிரிக்கப்பட்டு 2012இல் மீண்டும் ஒன்றாக இணைக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் படித்தவரின் சான்றிதழில் கோயம்புத்தூர் அல்லது திருச்சிராப்பள்ளி அண்ணா பல்கலைக்கழகம் என்ற பெயர் இருக்கும். இன்று அந்தப் பெயரில் தனிப் பல்கலைக்கழகம் கிடையாது. வரலாறு தெரியாதவர் இதைப் போலி என்றே எழுதிவிடுவார். இவை தவிர, பதிவெண்ணில் ஓர் இலக்கம் மாறித் தட்டச்சாகியிருந்தாலும் ‘பதிவு இல்லை’ என்ற பதில்தான் வரும்.

ஆகவே முதல் பதிலைப் பணியாளரிடம் காட்டி, அசல் சான்றிதழைக் கொண்டுவரச் சொல்லி, பதிவெண்ணை அவர் முன்னிலையில் ஒப்பிட்டு, தேவையானால் இரண்டாம் முறை பல்கலைக்கழகத்துக்கு எழுத வேண்டும். பிறகும் சந்தேகம் நீடித்தால் குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுக்கலாம். அதில் ‘தாங்கள் நிர்வாகத்தை ஏமாற்றியுள்ளீர்கள்’ என்று பொதுவாக எழுதுவதில் பயனில்லை. எந்தத் தேதியில், எந்தப் பணிக்கான விண்ணப்பத்தில், எந்தப் பதிவெண் கொண்ட எந்தச் சான்றிதழைக் கொடுத்தார், அதைப் பற்றி எந்தத் தேதியிட்ட எந்தக் கடிதத்தில் பல்கலைக்கழகம் என்ன சொல்லியிருக்கிறது, இது நிலையாணையின் (நிறுவனத்தின் பணி விதிகள்) எந்த விதிக்கு முரண் என்பதெல்லாம் இருக்க வேண்டும். கடிதத்தின் நகலையும் இணைக்க வேண்டும். துறை விசாரணையில் ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை. எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்ற அளவுகோல் போதும். இவ்வளவு எளிய அளவுகோலையும் எட்டாமல் நீக்கிவிட்டு, பிறகு தொழிலாளர் நீதிமன்றத்தில் பின்சம்பளத்தோடு திரும்ப எடுக்கும் நிலைக்கு நிறுவனம் வருமானால், தவறு பணியாளருடையது மட்டுமல்ல.

ராஜினாமா என்னும் குறுக்குவழி

விசாரணை சிக்கலானது என்பதால் பல தனியார் நிறுவனங்கள் ராஜினாமாவைக் கேட்டு வாங்கிக்கொள்கின்றன. வெளிப்படையாக, எல்லோருக்கும் ஒரே நிபந்தனையோடு கொடுக்கப்படும் வாய்ப்பு என்றால் அதில் தவறில்லை. 2015இல் பீகாரில் போலிச் சான்றிதழ் கொடுத்துச் சேர்ந்த பள்ளி ஆசிரியர்கள் குறிப்பிட்ட தேதிக்குள் தாங்களாகவே விலகினால் நடவடிக்கை இருக்காது என்று பாட்னா உயர் நீதிமன்றம் வாய்ப்பளித்தபோது, ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் விலகினார்கள். வருடக்கணக்கான விசாரணையால் ஆகாதது சில வாரங்களில் ஆனது. பணியிடங்கள் காலியாயின, அந்த இடங்களுக்குத் தகுதியானவர்களை எடுக்க வழி பிறந்தது.

தனியறையில் நடக்கும் ராஜினாமா இப்படிப்பட்டதல்ல. குற்றமற்றவரும் பயந்து கையெழுத்துப் போட்டுவிடுவார். குற்றம் செய்தவர் நல்ல ரிலீவிங் லெட்டரோடு அடுத்த நிறுவனத்துக்குப் போவார், இம்முறை உண்மையான அனுபவச் சான்றிதழோடு. மருத்துவமனை, ஆய்வகம், மருந்தகம், பள்ளி வாகனம் போன்ற இடங்களில் இது ஆபத்தானது. பதிவு பெறாமல் மருத்துவம் பார்ப்பவருக்குத் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம், 2019, ஓராண்டு வரை சிறையோ 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ விதிக்கிறது. அப்படி ஒருவர் தன் மருத்துவமனையில் இருந்ததைக் கண்டுபிடித்த நிர்வாகம், பெயர் கெட்டுவிடும் என்று அஞ்சி அவரைச் சத்தமில்லாமல் அனுப்பி வைப்பதை எந்தக் காரணம் சொல்லியும் ஏற்க முடியாது.

பதவியைப் பார்த்து நியாயம் மாறுவதும் இங்கேதான். அமெரிக்காவில் 2002இல் பாஷ் அண்ட் லாம்ப் நிறுவனத்தின் தலைவர் தன்னிடம் இல்லாத எம்.பி.ஏ. பட்டத்தைக் குறிப்பிட்டிருந்தது வெளிவந்தபோது, இயக்குநர் குழு அவருடைய போனஸை நிறுத்திவிட்டுப் பதவியில் வைத்துக்கொண்டது. 2007இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் 28 ஆண்டுகள் பணியாற்றி மாணவர் சேர்க்கைத் துறையின் தலைவராக உயர்ந்திருந்தவர், பெறாத பட்டங்களைக் குறிப்பிட்டிருந்ததற்காகப் பதவி விலக நேர்ந்தது. இரண்டாவதே சரியான முன்னுதாரணம். மேலே இருப்பவரை விட்டுவிட்ட நிறுவனம், அடுத்த மாதம் ஒரு கிளார்க்கை அதே காரணத்துக்காக நீக்கினால், அந்த ஆணைக்குச் சட்டத்தில் பலம் இருந்தாலும் அலுவலகத்தில் மதிப்பு இருக்காது.

வாங்கிய சம்பளம்

பொய் சொல்லி வாங்கிய சம்பளத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா என்ற கேள்வியை மிக ஆழமாக ஆராய்ந்தது பிரிட்டனின் உச்ச நீதிமன்றம். ஜான் ஆண்ட்ரூஸ் என்பவர் 2004இல் டாண்டன் நகரில் உள்ள ஒரு நோய்தணிப்புப் பராமரிப்பு இல்லத்தின் தலைமை நிர்வாகியானார். இல்லாத பட்டங்களையும் இல்லாத அனுபவத்தையும் காட்டித்தான் அந்த வேலையைப் பெற்றார். பிறகு அரசு மருத்துவ அமைப்புகளிலும் பதவிகள் வந்தன. 2017இல் இரண்டு ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அந்தப் பத்தாண்டில் அவர் பெற்ற நிகர ஊதியம் சுமார் 6,43,000 பவுண்டு. அரசுத் தரப்பு அதைப் பறிமுதல் செய்யக் கோரியது. அவரிடம் மிஞ்சியிருந்த சொத்து சுமார் 96,700 பவுண்டுதான் என்பதால் அந்தத் தொகைக்கு ஆணை பிறந்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம், அவர் வேலையை ஒழுங்காகச் செய்தார், சம்பளத்துக்கு ஈடான உழைப்பைக் கொடுத்துவிட்டார் என்று சொல்லி ஆணையை ரத்து செய்தது. 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் நடுவழி ஒன்றைக் கண்டது. பொய் சொல்லாவிட்டால் அவர் என்ன சம்பாதித்திருப்பாரோ அதற்கும் உண்மையில் சம்பாதித்ததற்கும் உள்ள வித்தியாசமே அவர் குற்றத்தால் பெற்ற ஆதாயம். அந்த வித்தியாசம் அவரிடம் இருந்த சொத்தைவிட அதிகமாக இருந்ததால், 96,700 பவுண்டு பறிமுதல் மீண்டும் நிலைநாட்டப்பட்டது. அதே தீர்ப்பு ஒரு விதிவிலக்கையும் சுட்டியது. அறுவை மருத்துவர், விமானி போன்று தகுதியில்லாமல் செய்வதே சட்டவிரோதமான வேலையில், செய்த உழைப்புக்கு மதிப்பே இல்லை. அங்கே முழு ஊதியத்தையும் பறிப்பது மிகையாகாது.

இந்திய நீதிமன்றங்களை இந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தாது என்றாலும், நம் நிறுவனங்கள் கைக்கொள்ளத் தகுந்த அளவுகோல் இது. வேலை செய்த நாட்களுக்கான கடைசி மாதச் சம்பளத்தை, மோசடிக்காரர்தானே என்று சொல்லி நிறுத்தி வைப்பது இங்கே வழக்கமாகிவிட்டது; ஊதியச் சட்டங்கள் அப்படி ஒருதலையாகப் பிடித்துக்கொள்ள இடம் தருவதில்லை. பணிக்கொடை (கிராஜுவிட்டி) வேறு விஷயம். பணிக்கொடைச் சட்டம், 1972, ஒழுக்கக்கேடான குற்றமாகக் கருதத்தக்க செயலுக்காக நீக்கப்பட்டவரின் பணிக்கொடையை முழுவதுமாகவோ ஒரு பகுதியாகவோ பறிக்க அனுமதித்தது. அதற்குக் குற்ற வழக்கில் தண்டனை பெற்றிருக்க வேண்டும் என்று நிலவிய கருத்தை 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. பொய்யான பிறந்த தேதிச் சான்றுடன் நிலக்கரி நிறுவனம் ஒன்றில் சேர்ந்தவர் பணிக்கொடையை இழந்ததை அது உறுதி செய்தது. ஒழுங்கு நடவடிக்கையின் முடிவே அங்கே அடிப்படை. விசாரணைக் கோப்பு பலவீனமாக இருந்தால் இந்த அதிகாரமும் பயன்படாது.

போலீஸுக்குப் போவதும், பிறகு செய்ய வேண்டியதும்

இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் ஏமாற்றுதலுக்கு 318ஆம் பிரிவும், ஏமாற்றும் நோக்கத்தில் ஆவணம் புனைவதற்கு 336ஆம் பிரிவும் ஏழு ஆண்டு வரை சிறை விதிக்கின்றன. போலி ஆவணத்தை உண்மையானதாகப் பயன்படுத்துவது 340ஆம் பிரிவில் வருகிறது. அரசு வேலையிலும் உயிரோடு தொடர்புடைய பணிகளிலும் புகார் கொடுப்பதில் தயக்கம் இருக்கக் கூடாது. தனியார் நிறுவனத்தில் ஓர் இளநிலை ஊழியரின் போலி அனுபவக் கடிதம் என்றால், வேலையை விட்டு நீக்குவதோடு, அந்தக் கடிதத்தை விற்ற கன்சல்டன்சியின் மீது புகார் கொடுப்பதே அதிகப் பயன் தரும் என்பது என் கருத்து. இருபத்து மூன்று வயதுப் பையன் மேல் மட்டும் வழக்குப் போட்டு, இருநூறு பேருக்குக் கடிதம் விற்றவரை விட்டுவிட்டால், அடுத்த பேட்ச்சில் இன்னும் இருபது கடிதங்கள் வரும்.

இத்தனை சிக்கலும் பெரும்பாலும் ஒரே இடத்தில் தொடங்குகிறது. சேர்ந்த உடனே செய்ய வேண்டிய சரிபார்ப்பை, ஆள் அவசரமாகத் தேவைப்பட்டது, பல்கலைக்கழகத்துக்குக் கட்டணம் கட்ட வேண்டும், கோப்பு நகரவில்லை என்று ஏதேதோ காரணங்களால் வருடக்கணக்கில் தள்ளிவைக்கிறார்கள். பட்டங்களின் மின்பதிவுகள் தேசியக் கல்விப் பெட்டகத்திலும் டிஜிலாக்கரிலும் கிடைக்கும் இன்றைய நிலையில், அண்மைக் காலச் சான்றிதழ்களுக்குப் பல நேரங்களில் சில நிமிடங்கள் போதும். பழைய சான்றிதழ்களுக்குக் கடிதப் போக்குவரத்து வேண்டும். அதற்காகத்தான் தகுதிகாண் பருவம் இருக்கிறது. உண்மைத்தன்மை வராமல் யாரையும் நிரந்தரமாக்குவதில்லை என்ற ஒரே விதியை விலக்கில்லாமல் கடைப்பிடித்தால், 27 வருடம் கழித்து ஒருவரை வெறுங்கையோடு அனுப்பும் கொடுமை யாருக்கும் நேராது. விண்ணப்பப் படிவத்தில், முடித்த படிப்பு எது, முடிக்காதது எது, அரியர் உண்டா என்று தனித்தனிக் கேள்விகள் இருக்கட்டும். சரிபார்ப்புக்கு விண்ணப்பதாரரின் எழுத்துப்பூர்வமான சம்மதமும் அதே படிவத்தில் இருக்கட்டும்.

நீக்கிய பிறகும் ஒரு வேலை மிச்சமிருக்கிறது. அந்த நபர் கையெழுத்திட்ட ஆவணங்கள் செல்லுமா? தகுதியற்றவர் என்று பின்னர் தெரியவந்தவர் பதவியில் இருந்தபோது பிறப்பித்த ஆணைகள், பொதுமக்கள் நலன் கருதிச் செல்லும் என்பது 1981இல் கோகராஜு ரங்கராஜு வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்த கோட்பாடு. ஆகவே அவர் கொடுத்த சான்றுகளை நம்பிய பொதுமக்கள் அலைக்கழிக்கப்பட வேண்டியதில்லை. ஆனால் சட்டப்படி செல்லும் என்பதற்கும் தொழில்நுட்பத்தில் சரி என்பதற்கும் வித்தியாசம் உண்டு. ஆய்வகத் தொழில்நுட்பர் என்றால் அவர் கையெழுத்திட்ட அறிக்கைகளையும், பொறியாளர் என்றால் அவர் ஒப்புதல் கொடுத்த வரைபடங்களையும் தகுதியுள்ள இன்னொருவர் மறுபடி பார்க்க வேண்டும். தேவையானால் நோயாளிகளுக்கும் வாடிக்கையாளர்களுக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். காலியான இடத்தைப் பொறுத்தவரை, காத்திருப்போர் பட்டியல் இன்னும் நடைமுறையில் இருந்தால் அதில் அடுத்து நிற்பவரை அழைப்பதே முதலில் செய்ய வேண்டியது. அந்தப் பட்டியலின் காலம் பொதுவாகக் குறுகியது. சரிபார்ப்பு அதற்குள் முடிந்திருந்தால் மட்டுமே அவரை அழைக்க முடியும்.